ரஸ்க்கின் முதுகில் திரும்பி வந்த கட்டி

முடி உதிரும் பருவத்தில் முயலுக்குத் தினமும் சீவிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது தன் முடியையே நக்கி விழுங்கி வயிற்றைக் கெடுத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் அந்த வேலை என்னுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து எங்கள் முயல் ரஸ்க்கை மடியில் வைத்துச் சீவிக்கொண்டிருந்தேன். தோள்பட்டைகளுக்கு நடுவே சீப்பு எதிலோ தட்டி நின்றது. சிக்கு என்று நினைத்து முடியை விலக்கிப் பார்த்தேன். தோலுக்கு அடியில் கொண்டைக்கடலை போல ஒன்று உருண்டது. அழுத்தினால் நகர்ந்தது. ரஸ்க் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

என் வீட்டுக்காரர் அருள், ஐ.டி. கம்பெனிக்கு கேப் ஓட்டுகிறார். அவர் வண்டியில் வழக்கமாகப் போய்வந்த ஒரு தம்பதி வெளிநாட்டுக்குக் கிளம்பியபோது, முயலை ஒரு வாரம் வைத்திருங்கள், யாராவது வந்து வாங்கிக்கொள்வார்கள் என்று கொடுத்துவிட்டுப் போனார்கள். யாரும் வரவில்லை. பேக்கரி ரஸ்க்கின் நிறத்தில் இருந்ததால் அருள் அந்தப் பெயரை வைத்தார். விவேக் நகரில் எங்களுடையது மாடியில் இரண்டு அறை உள்ள வீடு. முன்னறையின் பாதி அவனுக்குப் போனது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால்தான் முயலைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம் என்று தெருவில் சிலர் பேசிக்கொண்டது பிறகு என் காதுக்கு வந்தது.

கட்டியை அருளிடம் காட்டினேன். அவரும் தடவிப் பார்த்தார். அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் பக்கத்தில் இருந்த கிளினிக்குக்குப் போனோம். அங்கே வருவதெல்லாம் நாய்களும் பூனைகளும்தான். ஒரு பெரிய நாய் எங்கள் பெட்டியை மோந்து பார்த்ததும் ரஸ்க் பின்னங்காலால் தட்டத் தொடங்கினான். பயந்தால் முயல் அப்படித்தான் தரையை அடிக்கும். நான் துப்பட்டாவால் பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். துணி வழியாக அவன் உடம்பு நடுங்குவது என் தொடைக்குத் தெரிந்தது.

அந்த டாக்டர் இளைஞர், பொறுமையானவர். ஊசியால் குத்தி இழுத்தார். பற்பசை மாதிரி வெள்ளையாக, கெட்டியாக வந்தது. இது சிஸ்ட் என்றார். தோலுக்கு அடியில் ஒரு சின்னப் பை உண்டாகிவிடுகிறது. உதிர வேண்டிய செத்த தோலும் எண்ணெய்ப் பசையும் வெளியே வர வழியில்லாமல் அதற்குள் சேர்ந்துகொண்டே போகும், அவ்வளவுதான் என்று விளக்கினார். பிதுக்கிச் சுத்தம் செய்து களிம்பு கொடுத்தார். நாங்கள் நிம்மதியாக வீட்டுக்கு வந்தோம்.

காயம் ஆறி முடி முளைக்கும் முன்பே அதே இடத்தில் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை சுண்டைக்காயைவிடப் பெரிது. கொஞ்சம் தள்ளி, விலாப் பக்கத்தில், இன்னொரு சின்னதும் இருந்தது.

பெரிய இடமாகப் பார்த்துப் போகலாம் என்று அருள் சொன்னார். மெயின் ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அங்கே கட்டியைக் கீறி, உள்ளே கழுவி, ரோஸ் நிறத்தில் ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார்கள். குழந்தைகளுக்குக் கொடுப்பதுதான், பயமில்லை என்றார்கள். சொன்ன அளவு கொடுத்தோம். அடுத்த நாள் சாயங்காலம் நான் ஸ்கூல் ஆபீஸ் வேலை முடிந்து வந்தபோது ரஸ்க் மூலையில் முதுகைக் கூன்போட்டு உட்கார்ந்திருந்தான். காலையில் வைத்த புல் அப்படியே கிடந்தது. முயல் புழுக்கை உருண்டையாக, காய்ந்து இருக்கும். அன்று பின்புறமெல்லாம் கரைந்து ஒட்டியிருந்தது. அருள் வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்தார். துடைக்கும்போது அவன் திமிறவே இல்லை. அதுதான் எங்களைப் பயமுறுத்தியது.

அருளின் தங்கை லில்லி ரிச்சர்ட்ஸ் டவுனில் இருக்கிறாள். அவள் தெருவுக்கு அடுத்த தெருவில் முயல், கிளி, ஆமை மாதிரியானவற்றைப் பார்க்கிற டாக்டரம்மா ஒருவர் இருப்பது அவளுக்குத் தெரியும். போன் செய்தேன்.

"அண்ணி, யோசிக்காம கிளம்பி வாங்க. நான் போய் டோக்கன் போட்டு உக்காந்துக்கறேன்" என்றாள்.

டாக்டர் சுமா கன்னடக்காரர். எங்களிடம் நல்ல தமிழில் பேசினார், முயலிடம் மட்டும் கன்னடம். "பாரோ மரி" என்று, வாடா குட்டி என்று கூப்பிட்டுத்தான் மேஜைக்குத் தூக்கினார். நான் கொண்டுபோன சிரப் பாட்டிலைத் திருப்பிப் படித்தார். அதை எங்கள் பக்கம் வைக்காமல் தன் மேஜை டிராயருக்குள் போட்டு மூடினார்.

"இது குழந்தைங்களுக்கு நல்ல மருந்துதான். முயலுக்கு வாய்வழியா குடுக்கக் கூடாது. குடல்ல இருக்கற நல்ல கிருமியையெல்லாம் கொன்னுடும்."

முயலின் வயிறு எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவர் சொன்னார். அரை நாள் தின்னாமல் இருந்தாலே குடல் நகர்வது நின்று, உள்ளே வாயு கட்டி, உயிருக்கே ஆபத்தாகிவிடும். அதோடு முயல் வலியை வெளியே காட்டாது. காட்டினால் காட்டில் வேறு மிருகம் அதைப் பிடித்துத் தின்றுவிடும். அதனால் அது சும்மா உட்கார்ந்திருக்கிறது என்றால் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்று அர்த்தம். தோலுக்கு அடியில் ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்றினார். புல் மாவைக் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சால் கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டக் கற்றுக்கொடுத்தார். "ஏனாகல்ல" என்றார் கடைசியில். ஒன்றும் ஆகாது. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வயிறு சரியாவதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் முதுகுக் கட்டி மறுபடியும் நிரம்பிவிட்டது, விலாக் கட்டியும் பெருத்துவிட்டது. வால் பக்கம் மூன்றாவதாக ஒன்று தட்டுப்பட்டது. பையை முழுசாக எடுக்காமல் உள்ளே இருப்பதை மட்டும் பிதுக்கினால் அது திரும்பத் திரும்ப நிரம்பத்தான் செய்யும் என்றார் டாக்டர் சுமா. எடுத்ததை லேபுக்கு அனுப்பிப் பார்க்கவும் வேண்டும். எல்லாமே வெறும் சிஸ்ட்தானா, அல்லது அதில் ஒன்று வளர்கிற கட்டியா என்று கையால் தொட்டுச் சொல்ல முடியாதாம். பரவுகிற வகையாக இருந்தால் நுரையீரலில் தெரியும் என்று நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தார். படம் வரும்வரை அருள் வாசலில் நின்று, வண்டியைத் துடைக்கும் துணியால் தன் கைகளையே துடைத்துக்கொண்டிருந்தார். நுரையீரல் சுத்தமாக இருந்தது.

"அப்போ ஆபரேஷன் பண்ணலாமா?" என்று கேட்டேன். இந்தத் தடவை அவர் ஏனாகல்ல என்று சொல்லவில்லை. நாய் பூனையைவிட முயலுக்கு மயக்க மருந்து ஆபத்து அதிகம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

வீட்டில் அதைப் பற்றி எங்களுக்குள் சண்டை வந்தது. எனக்கு வேண்டாம் என்றுதான் இருந்தது. ஒரு தடவை பிதுக்கி, ஒரு தடவை கீறியாயிற்று. ஒவ்வொரு தடவை பெட்டியை எடுக்கும்போதும் அவன் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிகிறான். இருக்கிற வரைக்கும் கட்டியோடு இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். அருள் அதைக் கேட்டுக்கொண்டு சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். அவர் சட்டை மடித்து நான் பார்த்ததே இல்லை.

"மழை சீசன் வருது ஸ்டெல்லா. அது உடைஞ்சு ஈ உக்காந்தா புழு வெச்சிடும்னு டாக்டரம்மா சொன்னாங்க இல்ல? நீ ஆபீஸ்ல, நான் வண்டியில. யாரு பாத்துக்குவா?"

"மயக்கத்துலேயே போயிட்டா?"

அவர் மடித்த சட்டையை உதறி மறுபடியும் மடித்தார். அடுத்த நாள் சீவும்போது முதுகுக் கட்டியின் மேல்தோல் சிவந்து மெலிந்திருந்ததைப் பார்த்தேன். தொட்டால் கிழிந்துவிடும் போல இருந்தது. நானே டாக்டருக்குப் போன் செய்து தேதி கேட்டேன்.

கிடைத்தது வியாழக்கிழமை. வியாழக்கிழமைகளில் எங்கள் சர்ச்சுக்கு நவநாள் ஜெபத்துக்காக வருகிற கூட்டத்தில் எங்கள் பக்கம் ஆட்டோகூட நகராது. அதனால் விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். மனிதர்களுக்கென்றால் ஆபரேஷனுக்கு முன்னால் பட்டினி போடுவார்கள். முயலுக்கு நேர்மாறு, கடைசி வரைக்கும் தின்ன வேண்டும். பெட்டிக்குள் புல்லை அடைத்து வைத்திருந்தேன். சிக்னல்களில் வண்டி நிற்கும்போதெல்லாம் அவன் புல்லை அரைக்கிற சத்தம் கேட்டது. அருள் ரேடியோவைப் போடவே இல்லை.

உள்ளே கொண்டுபோகும்போது அவன் காதுகள் சூடாக இருந்தன. அதை ஏன் ஞாபகம் வைத்திருக்கிறேன் என்றால், அப்போது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இந்தச் சூட்டை மறுபடியும் தொடுவேனா என்று. முயலுக்காக வேண்டிக்கொள்வது சரியா தவறா என்று தெரியாமலே ஜெபமாலையை எடுத்தேன். லில்லி பிளாஸ்கில் காபி கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்றும் ஆகாது என்றெல்லாம் சொல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தாள். அது எவ்வளவு பெரிய உதவி என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

சொன்ன நேரம் தாண்டிவிட்டது. கதவு திறந்து டாக்டர் சுமாவே வெளியே வந்தார். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கியிருந்தார். கையுறை போட்ட கைகளை எதையும் தொடாமல் முன்னால் தூக்கிப் பிடித்திருந்தார்.

"ரெண்டு எடுத்தாச்சு. முழுப் பையோட வந்துடுச்சு. ஆனா நடுவுல மூச்சு ரொம்பக் குறைஞ்சது. இப்போ பரவாயில்ல. வால் பக்கத்துல இருக்கறது சின்னது, இன்னும் கொஞ்ச நேரம் மயக்கத்துல வெச்சா எடுத்துடலாம். எடுக்கட்டுமா, தையல் போட்டு எழுப்பிடட்டுமா? நீங்க இப்பவே சொல்லணும்."

எனக்கு எடுத்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆபரேஷனே வேண்டாம் என்று சண்டை போட்ட நான். இன்னொரு தடவை இந்த பெஞ்சில் உட்கார என்னால் முடியாது, எல்லாவற்றையும் இன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்று இருந்தது. நான் பேசுவதற்குள் அருள் சொன்னார்.

"எழுப்பிடுங்க டாக்டர். போதும்."

டாக்டர் தலையசைத்துவிட்டுத் திரும்பி வேகமாக உள்ளே போனார். அந்த வேகத்தைப் பார்த்துத்தான் உள்ளே நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று புரிந்தது.

அவன் விழித்துக்கொண்டான். ஆனால் தின்னவில்லை.

இரண்டு நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். நாய்க் குரைப்பு கேட்காத பின்னறை. ஒரு கூண்டில் இறக்கை ஒடிந்த கிளி, இன்னொன்றில் ரஸ்க். முதுகு முடியெல்லாம் மழித்து, தையல் போட்டு, பாதி முயல் போல இருந்தான். நான் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுக் கூண்டுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பல்லை நறநறவென்று கடித்தான். சந்தோஷத்தில் மெதுவாகக் கடிப்பது வேறு, இது வலி என்று நர்ஸ் சொல்லி ஊசி போட்டாள். நான் சிரிஞ்சால் புல் மாவைப் புகட்டினேன். பாதி தாடை வழியாக வழிந்தது. கூண்டின் அடியில் விரித்திருந்த பேப்பரை எத்தனை தடவை பார்த்தேனோ தெரியாது. அது வெள்ளையாகவே இருந்தது. ஒரு புழுக்கைகூட இல்லை.

மறுநாள் காலை எடுத்த எக்ஸ்ரேயில் வயிற்றில் வாயு கறுப்பாகத் தெரிந்தது. டாக்டர் அதைக் காட்டி, "சாயங்காலத்துக்குள்ள குடல் அசையணும்" என்றார்.

மத்தியானம் அருள் டிரிப்பை வேறு டிரைவரிடம் மாற்றிவிட்டு யூனிஃபார்மோடு வந்தார். கையில் லில்லி தன் தொட்டியிலிருந்து பறித்துக் கொடுத்த கொத்தமல்லி. வழக்கமாக அந்த வாசனைக்கு ஓடிவருகிறவன் மூக்கைத் திருப்பிக்கொண்டான். அருள் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். துண்டில் சுற்றி ரஸ்க்கை மடியில் வைத்து, டாக்டர் காட்டியபடி வயிற்றை இரண்டு பக்கமும் மெதுவாக நீவத் தொடங்கினார். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கைகள் அவை. நீவினார், நிறுத்தினார், மறுபடியும் நீவினார். இடையில் அவர் போன் அடித்தது. எடுக்கவில்லை.

டாக்டர் வந்து ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்துக் கேட்டார். பிறகு அதைக் கழற்றி என் காதில் மாட்டிவிட்டார். இதயம் துடிக்கிற சத்தம் எங்கோ தூரத்தில் வேகமாகக் கேட்டது. வயிற்றில் ஒன்றுமே இல்லை, காலி வீடு மாதிரி. கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு தடவை கேட்டேன். அப்போதும் இல்லை. அருள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். அவர் அழுகிறார் என்று அவர் தோள் குலுங்கியதில்தான் தெரிந்தது. ஆனால் கை மட்டும் நிற்கவில்லை.

ஜன்னல் வெயில் சுவரில் ஏறிக்கொண்டிருந்தபோது டாக்டர் மறுபடியும் வந்தார். காதில் மாட்டிக்கொண்டு நெடுநேரம் குனிந்தே இருந்தார். கையைத் தூக்கி எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னார். பிறகு எனக்குக் கொடுத்தார். அடுப்பில் வைத்த தண்ணீர் சூடேறத் தொடங்கும்போது அடியில் ஒரு சலசலப்பு வருமே, அப்படி ஒன்று கேட்டது. நின்றது. மறுபடியும் கேட்டது.

"வருதுங்க" என்றேன் அருளிடம்.

ரஸ்க்கைத் திரும்பக் கூண்டில் விட்டோம். பேப்பரில் முதல் புழுக்கை விழுந்தபோது நாங்கள் மூன்று பேரும் கூண்டைச் சுற்றி நின்றோம். மிளகைவிடச் சின்னது, கோணலானது. டாக்டர் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "சபாஷ் மரி" என்றார். அருள் சட்டைப் பையிலிருந்து வாடிப்போன கொத்தமல்லியை எடுத்து நீட்டினார். ரஸ்க் மோந்தான். ஒரு இலையின் நுனியைக் கடித்தான். மெல்லுவதற்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டான்.

பில்லைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அதற்குப் பிறகு கொஞ்ச காலம் அருள் ஞாயிற்றுக்கிழமையும் வண்டி எடுத்தார், அவ்வளவுதான்.

லேப் முடிவு வருவதற்கு இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். தையல் ஆறியது, முதுகில் புதுமுடி சொரசொரவென்று முளைத்தது. ஆனால் நான் ஒவ்வொரு நாளும் போன் அடிக்கும்போது திடுக்கிட்டேன். ஆபீசில் அட்மிஷன் விசாரிக்கிறவர்களின் போனுக்கும்கூட. டாக்டர் சுமா அழைத்த நேரம் நான் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். முதுகில் இருந்தது வெறும் சிஸ்ட். விலாவில் இருந்தது சிஸ்ட் இல்லை, முடிவேரிலிருந்து வளர்கிற கட்டி. ஆனால் பரவாத வகை, முழுசாக எடுத்தாயிற்று. வால் பக்கம் விட்டுவைத்தது எந்த வகை என்று தெரியாது. அது வளர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள் என்றார். அருளுக்குப் போன் செய்து சொன்னேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

பார்த்துக்கொண்டே இருந்தோம். மழைக்காலம் முழுவதும் அது அப்படியே இருந்தது. குளிர் தொடங்கியதும் சிவந்து பருக்க ஆரம்பித்தது. மறுபடியும் மயக்க மருந்தா என்று டாக்டரிடம் கேட்டேன். டாக்டர் தடவிப் பார்த்துவிட்டு, இது மேலாகத்தான் இருக்கிறது, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து எடுத்துவிடலாம், யாராவது அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார். அருள் தன் முழுக்கைச் சட்டையின் கைகளை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டார். ரஸ்க்கைத் துண்டில் இறுகச் சுற்றி, தலையைத் தன் கைமடிப்பில் புதைத்து, கண்ணை மூடிப் பிடித்தார். நான் இந்தத் தடவை வெளியே போகவில்லை. ஊசி இறங்கியபோது அவன் ஒரே ஒரு தடவை உதறினான். பிறகு அருளின் மணிக்கட்டை நக்கத் தொடங்கினான். டாக்டர் தையலை முடிக்கும்வரை நக்கிக்கொண்டே இருந்தான்.

எடுத்த பை பாட்டிலுக்குள் முழுசாகக் கிடந்தது, ஒரு பச்சைப் பட்டாணி அளவு.

"இனிமே வராது இல்ல டாக்டர்?" என்று அருள் கேட்டார்.

டாக்டர் சுமா கையுறையைக் கழற்றினார். "வரும்னுதான் நெனைக்கறேன். இவன் தோல் அப்படி. வந்தா பாக்கலாம்."

அருள் அதைக் கேட்டு நெடுமூச்சு விட்டார். துண்டைத் தளர்த்தி, ரஸ்க்கின் காதுகளை விரலால் நீவிவிட்டார்.

"இப்பவே சாப்பிடக் குடுக்கலாமா?" என்று கேட்டார்.

"இப்பவே" என்றார் டாக்டர்.

நான் பையைத் திறந்து புல்லை எடுத்தேன்.